வீட்டின் கடைமடை

ஜீவநதி ஒன்றின் கரையிலே பிறந்து, அதன் படித்துறையிலே நீந்தப் பழகி, காரும் பிசானமும் ஆக இருபோக விளைச்சலைக் கண்ணாரக் கண்டு வளர்ந்த மக்களிடம் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று சொல்லப் புகுவது, மேலெழுந்தவாரியாகப் பார்க்கும்போது அநாவசியமான காரியமாகத் தோன்றக்கூடும். பொதிகை மலையின் உச்சியில் தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை பொழிகின்றபடியால், ஆண்டில் இருமுறை நீர்ப்பெருக்குக் காணும் பாக்கியம் தாமிரபரணிக்கு வாய்த்திருக்கிறது. அந்த ஆற்றின் கரையிலே, முத்துமாலை அம்மன் கோயிலைத் தன் அடையாளமாகக் கொண்டு விளங்குகின்ற முக்கூடலில், ‘தண்ணீர்க் கஷ்டம்’ என்பது வேறு ஊர்களுக்கு உரிய பேச்சு என்னும் எண்ணம் பல காலமாக வேரூன்றி நிற்கிறது. இந்த அத்தியாயம் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சித்தமாயிருப்பவர்களுக்காக எழுதப்படுவது.

மலையிலிருந்து இறங்கிப் புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் வரையில் ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தூரமே ஓடுகின்ற இந்தச் சிறிய நதியைக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகள் மறித்து நிற்கின்றன. கடைசியாகச் சொன்னது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. ஏனைய ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரிகின்ற கால்வாய்களும், கால்வாய்கள் நிரப்புகின்ற குளங்களுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 86 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு நீர் பாய்ச்சுகின்றன. அதுவன்றித் திருநெல்வேலி மாநகரமும், தூத்துக்குடியும், விருதுநகர் மாவட்டத்தின் சில பகுதிகளும் இந்த ஆற்றையே குடிநீருக்கு நம்பியிருக்கின்றன. முக்கூடற்பள்ளு பாடுகின்ற முக்கூடல் நம்முடைய ஊரன்று. சிற்றாறு வந்து கலக்கின்ற சீவலப்பேரிப் பக்கத்தில் உள்ளது அது. அந்தச் சீவலப்பேரியிலிருந்துதான் கரிசல் பூமியான கோவில்பட்டிக்குக் குடிநீர் போகிறது. ஆகவே நம்முடைய படித்துறையைக் கடந்து செல்கின்ற ஒவ்வொரு குடம் தண்ணீரும் கீழே எவரோ ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருக்கின்ற தண்ணீர்.

இந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்த நியாயம் ஒன்று உண்டு. மேல்மடைக்காரன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, வடிகின்ற நீரைக் கீழே விடவேண்டும். ஒரு வயலில் வடிந்த நீர் அடுத்த வயலுக்குப் பாய்ச்சலாகும். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தின் வரத்தாகும். ஒரே தண்ணீர் கடலைச் சேருமுன் பலமுறை வேலை செய்துவிடும். வீட்டையும் இப்படிப்பட்ட ஒரு சிறிய ஆயக்கட்டாகக் கருதிக்கொள்ள வேண்டும் என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்புவது. குடிப்பதும் சமைப்பதும் மேல்மடை. குளிப்பதும் துவைப்பதும் நடுமடை. கழிப்பறையும் தோட்டமும் கடைமடை. மேல்மடைக்கு உரிய புதுத்தண்ணீரை நேரே கடைமடைக்குத் திறந்துவிடுகின்ற வீட்டில் எத்தனை நவீனக் குழாய்களைப் பொருத்தினாலும் சிக்கனம் ஏற்படாது. மேலிருந்து கீழாக ஒழுங்குபட இறங்குகின்ற வீட்டிலோ, எவரும் எதையும் குறைத்துக்கொண்டதாக உணராமலே செலவு பாதியாகிவிடும்.

கணக்கு

பாபநாசம் அணையின் உச்சமட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது இந்த ஜில்லாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கு எத்தனை அடி என்பதைக் காலைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுப் பேசாத டீக்கடை இல்லை. அந்த நல்ல பழக்கத்தை வீட்டு மாடியில் இருக்கின்ற தொட்டிக்கும் கொண்டு வாருங்கள். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டியானால், ஒரு நீண்ட கழியில் நூறு நூறு லிட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, காலையில் மோட்டார் போடுமுன் ஒருமுறையும் போட்டபின் ஒருமுறையும் அளந்து எழுதிவர வேண்டும். ஒரு வாரம் எழுதினால் போதும். வீட்டின் உண்மையான செலவு வெளிப்பட்டுவிடும்.

அளந்த தொகையை எதனோடு ஒப்பிடுவது? கிராமப்புறத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது மத்திய அரசாங்கத்தின் ஜல் ஜீவன் திட்டத்தில் கொள்ளப்பட்ட அளவு. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுவோர் கைக்கொள்கின்ற அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு முன்னதன்படி 275 லிட்டரும் பின்னதன்படி 675 லிட்டரும் ஆகிறது. முக்கூடல் போன்ற பேரூரில், பாதாளச் சாக்கடையில்லாத வீட்டில், 675 லிட்டருக்கு மேல் செலவாகுமானால் எங்கேயோ ஓர் ஓட்டை இருக்கிறதென்று நிச்சயித்துக்கொண்டு தேட வேண்டும்.

அந்த ஓட்டை பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் அகப்படும். முதலாவது தொட்டியின் வழிவு. மோட்டாரைப் போட்டுவிட்டு வேறு வேலையிலே ஈடுபட்டிருக்க, மாடியிலிருந்து தண்ணீர் தெருவில் கொட்டுகின்ற சப்தம் கேட்ட பின்னரே ஓடிச்சென்று நிறுத்துகின்ற வழக்கம் நமது தெருக்களில் சர்வ சாதாரணம். உங்கள் மோட்டார் 15 லிட்டர் வாளியை அரை நிமிஷத்தில் நிரப்புமானால், பத்து நிமிஷ வழிவு 300 லிட்டர். கிராம அளவின்படி ஐந்து பேருடைய ஒரு நாள் தண்ணீருக்கும் அது மிகுதி. மிதவை வால்வோ, தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்துகின்ற சிறு கருவியோ வாங்கிப் பொருத்துவதற்கு ஆகும் செலவை இந்த விரயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தயங்குவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது, சொட்டுகின்ற குழாய். சொட்டுத்தானே என்று விட்டுவிடாமல் ஒரு மணி நேரம் அதன் கீழே ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். 200 மில்லி டம்ளர் நிரம்பிவிட்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டரும் ஆண்டொன்றுக்கு 1,750 லிட்டரும் அந்தக் குழாய் வழியே போய்க்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் உள்ளேயிருக்கின்ற ரப்பர் வாஷரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கசிவு, அதுவே ஆபத்தானது. கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டியில், துணிக்குப் போடுகின்ற நீலத்தைச் சிறிது கரைத்து ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் எவரும் உபயோகிக்காமல் விட்டுவைக்க வேண்டும். கீழேயுள்ள கோப்பையில் நீல நிறம் தெரியுமானால், அந்தத் தொட்டி இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அங்கணமும் அடுக்களையும்

வீட்டிலே தண்ணீர் அதிகமாகச் சிந்துகின்ற இடத்தைவிட, தண்ணீரைப் பற்றிய தப்பெண்ணங்கள் அதிகமாக நிலவுகின்ற இடத்தையே முதலில் கவனிக்க வேண்டும், அது அடுக்களை. தெருக்குழாயில் புதுத்தண்ணீர் வருகின்ற வேளையிலே, முந்தின நாள் குடத்திலும் அண்டாவிலும் எஞ்சியிருக்கின்ற தண்ணீரைப் ‘பழைய தண்ணீர்’ என்று அங்கணத்தில் கவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பிடிப்பதை எத்தனையோ வீடுகளில் நாள்தோறும் காணலாம். சுத்தமான பாத்திரத்தில் மூடிவைத்த தண்ணீர் ஒரே இரவில் கெட்டுப்போவதில்லை. புதுத்தண்ணீரைத்தான் குடிப்பேன் என்று பிடிவாதம் கொண்டவர்களும் பழைய தண்ணீரைத் துணி துவைக்கவும், வாசல் தெளிக்கவும், செடிகளுக்கு ஊற்றவும் எடுத்துக்கொள்ளலாமே! இந்த ஒரு வழக்கத்தை நிறுத்திவிட்டாலே நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம் மிச்சப்படும். வாசல் தெளிப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வாளியிலிருந்து கையால் அள்ளித் தெளித்தால் அரை வாளியில் முடிகின்ற வேலைக்கு ரப்பர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால் பத்து வாளியும் போதாது.

அரிசி களைந்த முதல் தண்ணீர் முன்னாளில் மாட்டுக்கு உரிய கழனிப்பானைக்குப் போயிற்று. இரண்டாவது தண்ணீர் குழம்புக்கு உபயோகமாயிற்று. இன்று மாடில்லாத வீடுகளில் அது கறிவேப்பிலைச் செடிக்கும் முருங்கைக்கும் போகலாம். காய்கறி கழுவிய நீரும் அப்படியே. பாத்திரம் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுத் தேய்ப்பதற்குப் பதிலாக, எச்சிலையும் எண்ணெய்ப் பசையையும் தேங்காய் நாரால் வழித்தெடுத்து, தேய்த்து முடித்தபின் இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒன்றில் அலசி மற்றதில் முக்கி எடுப்பதே நமது பாட்டிமார் செய்துவந்த முறை. முதல் பாத்திரத்து நீர் கலங்கியதும் அது கொட்டப்படும்; இரண்டாவது பாத்திரம் முதலாவதன் ஸ்தானத்தை அடையும்.

அடுக்களைச் சுவரில் இப்பொழுது புதிதாக இடம்பிடித்திருக்கின்ற ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடுகளில் உள்ள கருவிகள் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்குச் சாதாரணமாக இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றிவிடுகின்றன. உப்புக் கரிக்கின்ற ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர வேறு கதியில்லாத ஊர்களுக்கு அது வேண்டியதாயிருக்கலாம். தாமிரபரணியின் மெல்லிய நீரைக் குழாயில் பெறுகின்ற வீட்டுக்கு அது என்ன பிரயோஜனம்? கரைந்த உப்புக்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்திருக்கின்ற இடங்களில் இக்கருவியின் உபயோகத்தைத் தடை செய்ய வேண்டுமென்று 2019ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது. ஆகவே முதலில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; அளவு குறைவாக இருந்தால், நோய்க்கிருமிகளுக்காகக் காய்ச்சி வடிகட்டிக் குடித்தால் போதும். ஏற்கெனவே கருவி வாங்கியவர்கள், அதன் கழிவுக்குழாயை அங்கணத்தில் விடாமல் ஒரு வாளியில் பிடித்து, தரை துடைக்கவும் பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் பயன்படுத்தலாம்.

பீடி சுற்றுகின்ற வீடுகள் நிறைந்த ஊராதலால், வேறு ஊரார் எழுதுகின்ற புத்தகங்களில் இடம்பெறாத ஒரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இலைக்கட்டைப் பதப்படுத்துவதற்கு நனைக்கும்பொழுது, ஓடுகின்ற குழாயின் கீழே பிடிப்பதைவிட, அகன்ற பாத்திரம் ஒன்றில் முக்கியெடுத்து, நீர் வடிகின்ற வரையில் அதே பாத்திரத்தின் மேல் சாய்த்துவைத்து, பின்பு ஈரச்சாக்கில் சுற்றிவைத்தால், ஒரு கட்டுக்கு எடுத்த தண்ணீரே அடுத்த கட்டுக்கும் உதவும். நிறம் ஏறிப்போன அந்த நீரைத் தென்னை மூட்டில் ஊற்றலாம். இலை வெட்டியபின் மிஞ்சுகின்ற துண்டுகளில் புகையிலைத் தூள் கலவாதவற்றைத் தனியே சேர்த்து வைத்தால், அவை மூடாக்குக்கு ஆகும். அதைப் பற்றிப் பின்னர்.

குளியலும் துவையலும்

இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. 15 லிட்டர் வாளியில் இரண்டு வாளி எடுத்துச் செம்பால் மொண்டு குளித்தால் 30 லிட்டர். பூத்தூவல் குழாயின் கீழே பத்து நிமிஷம் நின்றால் 80 லிட்டருக்குக் குறையாது. துணி துவைக்கும் இயந்திரத்தில் முதல் தண்ணீர் அழுக்கும் சோப்புமாக வெளிவருகிறது. அலசல் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாக இருக்கிறது. அலசல் நீரை அண்டாவில் பிடித்துக்கொண்டால் மறு துவையலின் முதல் நனைப்புக்கோ, கழிப்பறைக்கோ அது போதும். ஆற்றில் போய்த் துவைத்தால் வீட்டுத் தண்ணீர் மிச்சந்தானே என்று சிலர் எண்ணுவர். கீழே குடிநீருக்காக ஆற்றுப் படுகையில் உறைகிணறுகள் இறக்கியிருக்கின்ற ஊர்களின் தலையில் சோப்பு நுரையைக் கரைத்துவிடுவது சிக்கனத்தின் பெயரால் செய்யத்தக்க காரியமன்று.

தோட்டம்

புறவாசலில் அங்கணத்து நீர் விழுகின்ற இடத்திலே இரண்டு வாழை, ஒரு சேம்பு, அப்பால் ஒரு தென்னை என்று வைத்த முன்னோர்களின் ஏற்பாடு, வீட்டின் கடைமடைக்கு மிகச் சிறந்த ஏற்பாடு. அதைச் சிமெண்டுத் தளம் போட்டு மூடிவிட்டு, கழிவுநீரைத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டு, மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை ரப்பர்க் குழாயால் செடிகளுக்கு அடிக்கின்றோம். மீண்டும் பழைய வழிக்குத் திரும்ப விரும்புகின்றவர்கள் பின்வருமாறு செய்யலாம்.

அங்கணத்துக் குழாய் வெளியே வருகின்ற இடத்தில் ஒரு முழ அகலமுள்ள சிறு தொட்டி கட்டி, அதன் வாயில் தேங்காய் நாரைத் திணித்து, சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் அங்கேயே தங்கும்படி செய்ய வேண்டும். அதற்கப்பால் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள பாத்தி தோண்டி, அடியில் உடைந்த செங்கல்லும் அதன்மேல் சரளையும் இட்டு, மேலே மண் பரப்பி, கல்வாழையையும் சேம்பையும் நட வேண்டும். பாத்தியின் கடைசியில் வாழை. வாழை தண்ணீரை மிகுதியாகக் குடிக்கின்ற மரமாதலால், ஒரு வீட்டுக் கழிவுநீர் முழுவதையும் தேங்கவிடாமல் அதுவே எடுத்துக்கொள்ளும். நாரை வாரந்தோறும் மாற்றி, பழையதை எருக்குழியில் போட்டுவிட வேண்டும். இதைச் செய்யச் சோம்பல்படுகின்றவர்கள் இந்தப் பாத்தியை ஏற்படுத்தாமலிருப்பதே நல்லது, ஏனெனில் அடைத்துக்கொண்ட பாத்தி நாற்றத்துக்கும் கொசுவுக்கும் இடமாகிவிடும். குடிநீர்க் கிணற்றுக்கும் இதற்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். குளியலறை நீரையும் இவ்வாறே திருப்பலாம். ஆனால் கழிப்பறை நீர் ஒருபோதும் இதனோடு கலக்கக் கூடாது. சோப்பு நீரைக் கீரைப் பாத்திக்கும், பச்சையாக உண்கின்ற வெள்ளரி, கொத்தமல்லி முதலியவற்றுக்கும் விடக் கூடாது. ஒரு நாளைக்கு மேல் அந்த நீரைச் சேமித்து வைக்கவும் கூடாது.

தண்ணீர் ஊற்றுவதைவிட, ஊற்றிய தண்ணீரை வெயிலுக்குப் பறிகொடுக்காமல் இருப்பதே தோட்டக்காரனின் உண்மையான சாமர்த்தியம். சித்திரை வெயிலில் வெறுமையாகக் கிடக்கின்ற மண், காலையில் பெற்ற நீரில் பெரும்பகுதியை மாலைக்குள் ஆவியாக விட்டுவிடுகிறது. தென்னையின் நீர் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கின்றன. ஆகவே ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, அதற்குள் சுமார் 100 தேங்காய்க் கதம்பைகளைக் குவிந்த முதுகு மேலே தெரியும்படி நெருக்கமாகக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். கதம்பை கிடைக்காவிடில் காய்ந்த தென்னை ஓலைகள் பதினைந்து போதும். நார்க்கழிவானால் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். பூச்செடிகளுக்கும் காய்கறிச் செடிகளுக்கும் வாழைச் சருகு, வைக்கோல், மேலே சொன்ன பீடியிலைத் துண்டுகள் எல்லாம் மூடாக்காகும். தண்டை ஒட்டி நாலு விரற்கடை இடம் விட்டுப் பரப்பினால் அழுகல் நோய் வராது.

எப்பொழுது ஊற்றுவது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட மண்ணைத் தொட்டுத் தீர்மானிப்பது மேல். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் செலுத்திப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. வேண்டியிருந்தால் சூரியோதயத்துக்கு முன்போ, வெயில் தாழ்ந்த பின்போ, இலையில் படாமல் மூட்டில் ஊற்றுங்கள். தினந்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு நாள் தவறினாலும் செடி வாடிவிடும். இரண்டு மூன்று நாளைக்கொருமுறை ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும்.

கத்தரி, வெண்டை, பாகல், பிச்சி முதலியவற்றுக்குப் பானைப் பாசனத்தைவிடச் சிக்கனமான முறையை நான் கண்டதில்லை. மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன காருகுறிச்சி நமக்கு அண்டையிலேயே இருக்கின்றபடியால், பூச்சுப் பூசாத, நன்றாகச் சுட்ட, ஆறேழு லிட்டர் பிடிக்கின்ற மண்பானைகளுக்குப் பஞ்சமில்லை. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி பானையைப் பாத்தியின் நடுவே புதைத்து, சுற்றிலும் ஒரு சாண் தூரத்தில் மூன்று நான்கு செடிகளை நட்டு, பானையில் தண்ணீர் நிரப்பி வாயை இறுக மூடிவிட வேண்டும். பானையின் நுண்ணிய துளைகள் வழியே, மண் காய்ந்த அளவுக்கு மட்டும் நீர் வெளியே கசிகிறது. மண் ஈரமாயிருக்கையில் கசிவு தானே மட்டுப்படுகிறது. பருவத்தையும் செடியின் வளர்ச்சியையும் பொறுத்து மூன்று நாலு நாளைக்கொருமுறை நிரப்பினால் போதுமானது. கலங்கலான நீரை ஊற்றினால் துளைகள் அடைபட்டுவிடும்; பானைக்குத் தெளிந்த நீர்தான் வேண்டும்.

புல்தரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. கோடையில் நாள்தோறும் நீர் கேட்கின்ற, காயோ பூவோ நிழலோ தராத அந்தப் பச்சைப் படுதா இந்தச் சீமைக்கு ஏற்றதன்று. அந்த இடத்தில் ஒரு வேம்பையோ புன்னையையோ வையுங்கள்.

கூரை

ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். திருநெல்வேலிச் சீமையின் வருஷ மழை ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் என்று கொண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் கழிவாகவும் போய்விடுமென்று தள்ளினாலும், ஏறக்குறைய 60 ஆயிரம் லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 4,000 குடம் தண்ணீர், ஒவ்வோர் ஆண்டும் அந்த மாடியின் மேல் இறங்குகிறது. ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் வேண்டுமென்றால், ஆண்டு முழுவதற்கும் 18 ஆயிரம் லிட்டர் சொச்சமே ஆகிறது. வருவது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

2003ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கியபொழுது தோண்டப்பட்ட குழிகள் பலவற்றில் இன்று மண்ணும் குப்பையும் நிறைந்திருக்கின்றன. அவற்றைத் தூர்வாரிப் புதுப்பிக்குமுன், நம்முடைய பூமியின் இயல்பைச் சற்று ஆராய்ந்துகொள்வது நல்லது. ஆற்றங்கரையை ஒட்டிய வண்டல் பூமியில் கிணற்று நீர்மட்டம் ஆற்றோடு ஏறி ஆற்றோடு இறங்குகிறது. அங்கே நிலத்தில் இறக்குகின்ற மழைநீர் வீணாவதில்லையென்றாலும், உங்கள் கிணற்றில் கோடைவரை நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகையால் கரையோர வீட்டார் தொட்டி கட்டிச் சேமிப்பதே உசிதம். ஆற்றைவிட்டு வடக்கே ஆலங்குளம் பக்கம் செல்லச் செல்லக் கடினப் பாறை. கிணறுகள் கோடையில் வற்றுகின்ற பிரதேசம். அங்கே கூரைநீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விட வேண்டும். அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே பருமணல் என்னும் மூன்று அடுக்குகள் கொண்ட மூன்றடிச் சதுர வடிதொட்டி ஒன்றே அதற்குத் தேவை. மேல்மணலை ஆண்டுக்கொருமுறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. தாமிரபரணி இருகரையையும் மீறிப் பாய்ந்தது. ஓராண்டு மழை ஒருநாளில் கொட்டக்கூடுமாதலால், தொட்டிக்குள் நீர் வருகின்ற குழாய் எத்தனை அகலமோ அத்தனை அகலமான குழாயை வழிவுக்கும் வைத்தே தீர வேண்டும். அந்த வழிவும் அஸ்திவாரத்தை நோக்கிப் போகாமல் தெருவையோ தோட்டத்தையோ நோக்கிப் போகட்டும்.

சேமித்த தண்ணீர் நோய்க்கு வித்தாகிவிடாதிருக்கவும் எச்சரிக்கை வேண்டும். 2012ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்தைக் கடுமையாக வாட்டிய டெங்குக் காய்ச்சலைப் பரப்புகின்ற கொசு, சாக்கடையில் அல்ல, வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் தேங்கி நிற்கின்ற நல்ல தண்ணீரிலேதான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகிறது. ஆகவே திறந்திருக்கின்ற பாத்திரம் எதுவானாலும் வாரத்துக்கொருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டால் அதன் வம்சம் அற்றுப்போகும். காலி செய்கின்ற தண்ணீர் செடிக்குப் போகட்டும். பெரிய தொட்டிகளின் வாயிலும் வழிவுக்குழாயிலும் நெருக்கமான வலை கட்டியிருக்க வேண்டும். பானைப் பாசனத்துப் பானைக்கும் மூடி அவசியம் என்றது இதற்காகவே.

புரட்டாசி மாதத்திலேயே மாடியைப் பெருக்கிக் கழுவி, குழாய் வாய்களில் அடைந்த சருகுகளை எடுத்து, கிழிந்த வலையை மாற்றிவிட வேண்டும். ஐப்பசியின் முதல் மழையை, அது மாடித் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருமாதலால், அடிமூடியைத் திறந்து தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள். 1,000 சதுர அடி மாடிக்கு முதல் 200 லிட்டரைக் கழித்தால் போதுமானது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் தொட்டியை மூடி, அன்றைய இருப்பைக் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மாசி முதல் வைகாசி முடிய உள்ள ஏறத்தாழ 120 நாட்களால் அதை வகுத்துப் பாருங்கள். 10 ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிறைந்திருந்தால் நாளொன்றுக்கு 83 லிட்டர், அதாவது ஐந்தரைக் குடம் எடுக்கலாம். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் ஆனது போக இரண்டு குடம் மிஞ்சும்.